தொண்ணூற்று நான்கு

கறுப்புக் குழாயின் வாய்க்குள்
மைக்கைத் திருகாமல் நேராகச் செருக வேண்டும்.
கன்றின் வாயில் விரல் விட்டதுபோல
கொஞ்சம் எதிர்க்கும், அப்புறம் கவ்வும்.
பொத்தானை அழுத்தினால்
ஒரே சுருதி.
இவ்வளவு பிடிவாதமான சத்தத்தை
நான் வேறெங்கும் கேட்டதில்லை.
தொண்ணூற்று நான்கு காட்ட வேண்டும்.
காட்டியது
தொண்ணூற்றிரண்டு புள்ளி ஏழு.

கழற்றித் துடைத்துச் செருகினேன்.
புள்ளி ஏழு.
மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி,
பேசிக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பி,
புள்ளி ஏழு.

போன வாரம், வியாழன் இரவு.
நீடாமங்கலம் தாண்டி, கோரையாற்றுக் கரையில்
உத்திராபதியின் அரிசி ஆலை.
நனைந்த குறுவை நெல்லை
ராவோடு ராவாக உலர்த்தும் ஊதுவிசிறி.
வேலிக்கு இந்தப் பக்கம் இன்னாசியின் வீடு,
புகார் மனுவில் மூன்று முறை அடிக்கோடிட்ட சொல்: தூக்கம்.
முக்காலி நிறுத்தி, பஞ்சுத் தொப்பி மாட்டி
மூச்சைப் பிடித்து நின்றோம்
நானும் ஓட்டுநர் பக்கிரிசாமியும்.
நாற்பத்து நான்கு புள்ளி இரண்டு.
இரவுக்கு அனுமதி நாற்பத்தைந்து.

அளந்து முடித்ததும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.
கேலிப்ரேட்டரில் பேட்டரி செத்திருந்தது.
கடைகள் சாத்திவிட்டார்கள், தூறல் வேறு.
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.
அந்தக் காலை ஆறு நாள் கழித்துத்தான் விடிந்தது.
அதற்குள் அறிக்கை
‘வரம்புக்குள் உள்ளது’ என்று
என் கையெழுத்தோடு தபாலில் போயிருந்தது.

குறைந்ததைக் கூட்டக் கூடாது, மொத்தமாகத் தள்ள வேண்டும்.
தெரிந்துதான் கூட்டிப் பார்த்தேன்:
நாற்பத்தைந்து புள்ளி ஐந்து.

மைக்கின் சல்லடைக்குள்
லென்சு வைத்துப் பார்த்தால் ஈரத்தில் ஊறிய உமித்தூசி.
ஆலையே வந்து
தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு போயிருக்கிறது.

“ஒண்ணேகால் டெசிபல்தானேம்மா, ஒரு கொசு,”
என்றார் என் பொறியாளர்.
கொசு கடித்துத் தூங்காதவர் போலும் அவர்.
“பாஸ் ஆன பையனுக்கு மறுபடி பரீட்சையா?”
என்றார் உத்திராபதி, ஆனால் டீ சொன்னார்.
இன்னாசிதான் போனில் வெகுநேரம் பேசவில்லை.
கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவர்.
“பதினேழுக்குள்ள இருக்கணும் மேடம்,
பதினேழு புள்ளி நாலு காட்டும்.
வண்டியோட திருப்பி அனுப்பியிருக்கேன்.
அந்த மிஷினு சரியான்னு
ஒருத்தரும் கேட்டதில்ல.”
கொஞ்சம் பொறுத்து,
“நானுந்தான்.”

ஐப்பசி. மழை விட்ட இரவு.
இடுப்புப் பையில் நான்கு புதுப் பேட்டரிகள்.
புது மைக். தொண்ணூற்று நான்கு. சுத்தமாக.
முக்காலியை நிறுத்தி நிமிர்ந்தால் கரண்டு போய்விட்டது.
ஆலை இருட்டு, வீடு இருட்டு,
வயல் முழுக்கத் தவளை.
முட்டிவரை தண்ணீருக்குள்
ஊரே ஏலம் எடுப்பதுபோல் ஒரு சத்தம்.
அறுபத்தொன்று என்றது திரை.
பக்கிரிசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு,
“நோட்டீசு யாரு பேருக்கு மேடம்?”

குறித்துக்கொண்டேன்.
பின்புலம், தவளை, 61.0,
மணி ஒன்று நாற்பது.

இரண்டேகாலுக்குக் கரண்டு வந்தது.
ஊதுவிசிறி முனகி, இழுத்து, சுழன்று எழுந்தபோது
அத்தனை தவளையும் ஒரே நொடியில் வாயை மூடின.
இன்னாசி லுங்கியோடு வாசலுக்கு வந்தார்.
வேலிக்கு அந்தப் பக்கம் உத்திராபதி,
தலையில் துண்டு.
இருவரும் என் கையிலிருக்கும் சின்ன வெளிச்சத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடம்.
எண் நின்றது.

“எவ்வளவு மேடம்?”
ஒரே கேள்வி, இரண்டு பக்கமிருந்தும்.

இருங்கள் என்றேன்.
பஞ்சுத் தொப்பியைக் கழற்றி
ஈர விரலைப் புடவையில் துடைத்து
குழாயை எடுத்தேன்.