பூச்சியம் தசம் ஒன்று இரண்டு

செட்டியார் தெருவில் கடை திறக்குமுன்
கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில்
என் குளிசையை வைத்துப் பார்த்தேன்.
பூச்சியம் தசம் ஒன்று இரண்டு கிராம்.
ஒரு மூக்குத்திக்கும் காணாது.

மூச்சு விட்டாலே எண் மாறும் தராசு.
மூடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன்.
மாறவில்லை.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
டொக்டருக்குச் சிங்களம்.
எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்:
விலை, பாக்கி, நாளைக்கு வாருங்கள்.
"பின்னேரமானால் உள்ளுக்குள்ளே ஆரோ
லைற்றை ஒவ்வொன்றாய் நூத்துக்கொண்டு போகினம்" என்றேன்.
கூட நின்ற அற்றெண்டன் திருப்பிச் சொன்னார்:
"ஹிசரதே."
தலையிடி.
டொக்டர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு எழுதினார்.
எழுதியது தலையிடிக்கான மருந்தல்ல.
அதற்கு நன்றி சொல்ல இன்னும் எனக்கு வரவில்லை,
எந்தப் பாஷையிலும்.

குளிசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.
மூன்றாம் கிழமை நித்திரை வந்தது,
கடன்காரன் திருப்பித் தருவதுபோல
கொஞ்சம் கொஞ்சமாய், சாட்டுச் சொல்லிச் சொல்லி.
வாய் காய்ந்தது. சட்டைகள் இறுகின.
பெனடிக்டாவின் தாயின் செத்தவீட்டில்
எல்லாரும் அழ, நான் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தேழு.

ஸ்காபரோவிலிருந்து தம்பி:
"அக்கா, அந்தக் குப்பையை விடு.
ஆரிட்டையாவது மனம்விட்டுக் கதை."
ஆரிட்டை என்று அவன் சொல்லவில்லை.
பெனடிக்டா சிரித்தாள்:
"கதைக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமோ?
செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு வா.
அந்தோனியார் சும்மா கேப்பார்."

தெகிவளையில், சலூனுக்கு மேல்மாடியில், ஷஹீமா மிஸ்.
தமிழில் கேட்பவர்.
ஒரு மணித்தியாலம் நாலாயிரம்.
பாதி தந்தால் போதும் என்றார்;
வெட்கத்தில் முழுதாய்க் கொடுத்தேன்.
கடையில் தலையிடி என்று சொல்லிவிட்டுப் போன
முதல் மூன்று சனியும்
அனெக்ஸ் கூரை ஒழுகுவதைப் பற்றியே கதைத்தேன்.
எந்த மூலை, எந்த வாளி,
வீட்டுக்காரர் இம்முறை சொன்ன பொய்.
கீழே ஹெயார் ட்ரையர் இரைந்தது.
அவர் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை.

நாலாம் சனி
வாளியில் தொடங்கி
வாளி நிறைந்து வழிந்த அந்த இரவுக்கு வந்துவிட்டேன்.
குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு
பைப்பைத் திறந்தபடி நான் நின்ற இரவு.
அதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது.
மிஸ் அதை எனக்காகச் சொல்லவில்லை.
நான் சொல்லும்வரை இருந்தார்.

திரும்பும்போது நூறாம் நம்பர் பஸ்ஸில்
கணக்குப் பார்த்தேன், தொழில் புத்தி.
குளிசை இல்லாமல் அந்தப் பதினெட்டுப் படியும் ஏறியிருப்பேனா?
மாட்டேன்.
ஏறாமலே இருந்திருந்தால்
வாளி நிறைந்துகொண்டே இருக்க
பக்கத்தில் நான் நல்ல நித்திரை கொண்டிருப்பேன்.
எதை வரவில் எழுதுவது, எதைச் செலவில் எழுதுவது
என்று யோசித்ததில்
வெள்ளவத்தையில் இறங்க மறந்து
பம்பலப்பிட்டி வரை போய்விட்டேன்.
கடற்கரை ரோட்டால் திரும்பி நடந்தேன்.
ரெயில் போனது. கதவில் தொங்கிய பொடியன் ஒருத்தன்
ஆருக்கோ கை காட்டினான்.
காரணமில்லாமல் கண் நிறைந்தது.
அந்தச் செத்தவீட்டுக்கான அழுகையாய் இருக்கலாம்,
ஒன்றரை மாதம் பிந்தி.

இன்றைக்கு
குளிசையை எடுத்துக் கடதாசிப் பைக்குள் போட்டேன்.
தட்டில் வெள்ளையாய் ஒரு துகள்.
முதலாளி வந்து கண்ணாடிக்குள் குனிந்தார்.
"தராசு பிழைச்சுப்போச்சு பிள்ளை, பார்,
ஒண்டும் வைக்காமலே ஏதோ காட்டுது."
ஊதினார். பூச்சியத்துக்கு வந்தது.

அப்போதே கேட்டேன்,
சனிக்கிழமை அரைநாள் லீவு வேணும்.
"திரும்பவும் தலையிடியே?"

இல்லை என்றேன்.