விரயக் கட்டம்

காசிமேட்டில் தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையேறி மல்லாந்து கிடக்க
எங்கள் கொட்டகையில் ஃபைபர் தூசு
கோதுமை மாவு சலித்த மாதிரி
எல்லார் புருவத்திலும்.

ஸ்டோர் சாவி என் இடுப்பில்.
இந்தப் பக்க அறையில் கோபால்ட், கத்தரிப்பூ நிறம்.
அந்தப் பக்க அறையில் கேட்டலிஸ்ட், நிறமே கிடையாது,
தண்ணீர் மாதிரியே இருக்கும்,
அதுதான் அதன் அயோக்கியத்தனம்.
ரெண்டுக்கும் நடுவே இருபது தப்படி, ஒரு சுவர்,
அப்புறம் நான்.
பேச்சு முறிந்த சம்பந்திகள் அவை.
ரெசின் என்ற பந்தலுக்குள் மட்டும் சந்திக்கலாம்,
அதுவும் ஒன்று உட்கார்ந்த பிறகு மற்றது.
முதலில் கோபால்ட்டைக் கலக்கு, நன்றாகக் கலக்கு,
அப்புறம்தான் இது.
நேருக்கு நேர் பட்டால்
கொட்டகை இல்லை.

கிலோவுக்குப் பதினைந்து மில்லி.
கத்திரி வெயிலில் பத்து போதும்.
பிளாஸ்டிக் குவளை, இரும்பு ஆகாது.
சிந்தினால் மரத்தூள் போடாதே, ஈர மணல் போடு.
கண்ணில் தெறித்தால் குழாயடியில் கால் மணி நேரம்,
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ அதற்கப்புறம்.
குவளையில் மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றாதே.
மாசம் ஒருதரம் சொல்வேன்.
கேட்கிற முகங்கள் எனக்குத் தெரியும்.
தலையாட்டுகிற முகங்களும் தெரியும்.

செவ்வாய் மதியம் கரண்ட் போய்
காற்றாடி நின்று ஒரு மணி நேரம்.
கதவைத் திறந்தேன்.
அஞ்சு லிட்டர் கேன் ஒன்று
பல்வலிக்காரன் மாதிரி
கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தது.

தொடவில்லை. மூடியைத் திருகவில்லை.
கதவைக்கூடச் சாத்தாமல்
பின்னுக்கே நடந்து வந்து
எல்லாரும் வெளியே என்றேன்.
கத்தினேன் என்று சொல்கிறார்கள்.

ஃபோனில் கன்னியப்பன் முதலாளி:
"இன்னாம்மா, ஜூன் பத்துக்குள்ள மூணு போட் குடுக்கணும்,
ஒரு கேனுக்கா இப்பிடி பயந்துகீற?"
ஆமாம் என்றேன்.

தண்டையார்ப்பேட்டையிலிருந்து வண்டி வந்தது.
தள்ளி நின்று தண்ணீரைத் தூவினார்கள்.
சாலைக்கு எதிரே நாங்கள் இருபத்தாறு பேர்,
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளின் நிழலில்.
டிரைவர் ஒருத்தர் இறங்கி வந்து
"இன்னா பாக்கறீங்க?" என்றார்.
நனைகிற கொட்டகையைத்தான்.
நாலு மணி. அஞ்சு.
யாரோ சுண்டல் வாங்கினார்கள். யாரோ சிரித்தார்கள்.
என் பக்கம் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ஆறே காலுக்கு ஒரு சத்தம்.
கோலி சோடா உடைக்கிற அளவுதான்.
கொஞ்சம் வெள்ளைப் புகை,
மூக்கைக் கிள்ளும் ஒரு காட்டம்,
அதன்மேல் விடாமல் தண்ணீர்.
அவ்வளவே.
மறுநாள் போய்ப் பார்த்தபோது
என் நாற்காலிக்கு மேலே, தலை உயரத்தில்,
ரூபாய் அகலத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது.
மூடி நாற்காலியில் கிடந்தது.

தேசப்பன் வந்தான்.
"நான்தாங்க்கா. திங்கக்கெழம மிஞ்சினத ஊத்திட்டேன்.
கால் குவளகூட இருக்காது."
அந்தக் குவளையின் அடியில்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு இருந்திருக்கும்.
ஏண்டா என்றேன்.
அவன் போர்டைப் பார்த்தான்.
போன வாரம் என் கையால் ஒட்டிய தாள்:
யார் யார் எவ்வளவு விரயம்.
முதல் பெயர் அவனுடையது,
சிவப்பு மையில், அடிக்கோட்டோடு.

விபத்துப் புத்தகம் எடுத்தேன்.
சேதம்: கேன் ஒன்று.
காயம்: இல்லை.
காரணம் என்ற இடத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.
எழுதியது ரெண்டு பேர். ஒன்று என் பேர்.
முதலாளி படித்துவிட்டு மூடி வைத்தார்.

தாளைக் கிழித்தாயிற்று, பசை மட்டும் சுவரில் இருக்கிறது.
மிச்சத்துக்கு இப்போது தனிப் பாத்திரம்,
கொட்டகைக்கு வெளியே நிழலில்.
புதன் நாற்பது மில்லி.
வியாழன் அறுபத்தைந்து.
"ஏறுதே?" என்கிறார் முதலாளி.
ஏறட்டும்.
வெள்ளி, தேசப்பன், எண்பது.
கையெழுத்துப் போடுகிறேன்.