நான்காவது கட்டம்

ஜூலை மாதம். மலூட்டி மலைகளில்
கழுதையின் மூச்சும் புகையாகத் தெரிகிற காலை.
பாஸ்டர் மொலிசே தொப்பியைக் கழற்றிவிட்டு
பேருந்தின் முன்கண்ணாடியில் கை வைத்து ஜெபித்தார்:
இந்தச் சக்கரங்களை உமது உள்ளங்கையில் ஏந்தும், ஆண்டவரே.
கம்பளி போர்த்திய நாற்பத்தொரு பேர்
ஆமென் என்றார்கள்.
நானும் வாயைத் திறந்தேன்.
ஆமென் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

காரணம் என் சட்டைப்பையில் இருந்தது.
நான்காக மடித்த பரிசோதனைத் தாள்.
டயர், விளக்கு, ஸ்டீயரிங், பிரேக்.
நான்கு கட்டங்களிலும் சரிக்குறி,
கீழே என் பெயர்: செகோபி மஃபாலா, மெக்கானிக்.
மூன்றைப் பார்த்தேன்.
நான்காவதற்குச் சக்கரத்தைக் கழற்றவேண்டும்.
விரல்கள் விறைத்திருந்தன,
கெண்டியில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது,
போன மாதம் நன்றாகத்தானே இருந்தது என்று
யாரோ சொன்னார்கள்.
யாரோ இல்லை. நான்தான்.

பேருந்து போய்விட்டது.
தேநீரை ஆற்றிக்கொண்டே
ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன்.
எத்தனை வழுக்கலான வாக்கியம் அது,
மசகெண்ணெய் போட்டதுபோல் நாக்கைவிட்டு நழுவும்.
பன்னிரண்டு வருடம் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடியவன்,
அன்றுதான் அதன் பல்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன்:
அவர் பார்த்துக்கொள்வார் என்கிற இடத்தில்
பார்க்கவேண்டியவன் ஒருவன்
சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

ஆண்டவரே, உம்மை
எத்தனை நாள் என் வேலைக்கு ஆள் வைத்திருந்தேன்,
கூலியும் தராமல்.

மைத்துனனின் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.
கேட்கவில்லை. அதுவும் ஒரு தப்புதான்,
அதைப் பிறகு எழுதுகிறேன்.
பனி கண்ணிமையில் ஒட்டியது.
கணவாய் இறக்கத்துக்கு முன்னால்
மாவு விற்கும் தகரக் கடை இருக்கிறது,
அங்கேதான் டிரைவர் ராமகாட்சே சிகரெட்டுக்கு நிறுத்துவார்.
இத்தனை வருடம் அந்தச் சிகரெட்டைத் திட்டியிருக்கிறேன்.
அன்று அதன் புகையைக் கண்டதும்
கால்கள் துவண்டுபோயின.

நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.
முதல் தடவை குரல் வரவில்லை.
இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்டது.
பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் மகளிடம்
இரண்டு கோழிகளோடு போய்க்கொண்டிருந்த மாசெய்சோவுக்கும் கேட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கோழிகளின் கால்கட்டை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

ஜாக்கி சேற்றில் புதைந்தது. கல் வைத்தோம்.
நட்டுகள் ஒவ்வொன்றும் பழைய பகைபோல இறுகியிருந்தன.
ஒன்றரை மணி நேரம்.
சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன்.

பட்டைகள் புதிதாக இருந்தன.
விரல் தடிமன். ஒரு கீறல் இல்லை.

யாரோ சிரித்தார்கள். ராமகாட்சே துப்பினார்.
முதலாளி அரை மாதச் சம்பளத்தை வெட்டினார்.
பாஸ்டர் தொலைபேசியில் கேட்டார்,
மெதுவாகத்தான், ஆனாலும் கேட்டார்:
என் ஜெபத்தில் உனக்கு நம்பிக்கை இல்லையா, செகோபி?

உங்கள் ஜெபத்தில் இருக்கிறது, பாஸ்டர்.
என் கையெழுத்தில்தான் இல்லாமல் இருந்தது.

பொய் என்பது
உள்ளே இருப்பது கெட்டுப்போயிருந்தால்தான் என்று நினைத்திருந்தேன்.
நல்ல பிரேக்கைப் பற்றியும்
பொய் சொல்ல முடியும் என்று தெரியாது.

தாளைப் பிரித்தேன். பனியில் மை கலைந்திருந்தது.
நான்காவது கட்டத்தில், பழைய குறியின்மேல்
கிரீஸ் விரலால் ஒரு குறி இட்டேன்.
பேருந்து இறக்கத்தில் திரும்பியது,
முதல் வளைவு, இரண்டாவது,
கடைசி ஜன்னலில் ஒரு கோழியின் தலை.

அப்போதுதான் முள் இறங்கியது.
ஆமென் என்றேன், மூன்று மணி நேரம் தாமதமாக.
மாவுக் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்திருந்தது.
மைத்துனனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே
பதினோரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்.