எழுபத்திரண்டில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்.
யார் யாருடைய வாய்க்கோ பீங்கானில் கடைவாய்ப்பல்,
புகைப்பவரின் முன்பல்லுக்கு
பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக ஒரு துளி பழுப்பு.
இரவில் அதே தூரிகை, அதே பூதக்கண்ணாடி,
சமையலறை மேசையில் ஒரு லங்காஸ்டர்.

பெட்டியைத் திறந்தபோது
சாம்பல்நிறச் சட்டங்களில் தொங்கின உறுப்புகள்,
எண்ணிட்டு, காம்போடு.
"நம் ஊரை எரித்ததையா வீட்டுக்குள் கொண்டுவந்தாய்?"
என்றாள் ஸில்கே.
கோபமில்லை.
மேசையில் ரொட்டிக்கு இடம் வேண்டும் அவளுக்கு.

ஹில்டெஸ்ஹைம் எங்கள் ஊர்.
மார்ச் மாதத்து ஒரு மதியம்,
கால்மணி நேரத்துக்குச் சற்று மேல்.
பேராலயச் சுவரில் மறுபடி துளிர்த்த ரோஜாவைப் பற்றி
நான் எழுதப்போவதில்லை.
அஞ்சலட்டைகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

நான் எழுத வந்தது பசையைப் பற்றி.
தண்ணீர் போன்ற பசை.
உடலின் இரு பாதியையும் சேர்த்துப் பிடித்து
விளிம்பைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும்,
பிளவோடு தானே ஓடும்,
சொத்தைப் பல்லில் குளிர்நீர் ஓடுவதுபோல்.
ஒட்டுவதில்லை அது, இரண்டையும் கரைத்து ஒன்றாக்குகிறது.
அதற்குமுன் உள்ளே இருப்பதையெல்லாம் முடித்தாக வேண்டும்:
வரைபட மேசை, ரேடியோக்காரன் நாற்காலி,
கடுகளவுக் கடிகாரங்களில் வெள்ளை முள்.
மூடியபின் யாரும் பார்க்கப்போவதில்லை.
தெரியும். தீட்டினேன்.
நாக்கு மட்டுமே தொடும் பக்கத்தையும்
மெருகேற்றித்தான் அனுப்புகிறேன் பல்லை.

ஏழு பேர்.
உட்கார்ந்த நிலையில் என் கட்டைவிரல் நகத்தளவு.
ஆறு பேர் ஒரே மாலையில் முடிந்தார்கள்.
வால்முனைக் கண்ணாடிக் கூண்டுக்காரன்மட்டும்
இழுத்தடித்தான்.
அவன் இருக்கை பின்னோக்கியது.
போகுமிடம் காணமாட்டான்,
விட்டுவந்ததைத்தான் காண்பான், நெடுநேரம்.
அவன் முகத்துக்கு என்ன நிறம்?
ஈறுக்குக் கலக்கும் இளஞ்சிவப்பில் தொடங்கி
மூன்றுமுறை துடைத்தேன்.
அங்கே அவன்மேல் பட்டது
குளிரா வெளிச்சமா என்று
முடிவு செய்ய முடியவில்லை.
கடைசியில் கூண்டை ஒட்டும்போது
பசையின் ஆவி கண்ணாடியைப் பனிமூட்டமாக்கியது.
கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு. இருபது வருடமாக
நான் செய்யாத தவறு.

வயிற்றுக்கு மங்கல் கறுப்பு.
முதுகுக்கு மண்ணும் பச்சையும்,
மேலிருந்து பார்ப்பவன் வயலென்று ஏமாற.
வெந்நீரில் நனைத்ததும் தாளைவிட்டு நழுவின
இறக்கைக்கான வட்டங்கள்.

இதற்கிடையே ஒரு கணக்கு தூங்கவிடவில்லை.
ஆறாயிரம் மீட்டரில் பறந்ததாக வைத்துக்கொண்டால்
எழுபத்திரண்டால் வகுக்க எண்பத்து மூன்று.
ஆண்ட்ரியாஸ் கோபுரத்துப் பார்வை மாடம்
ஏறக்குறைய அந்த உயரம்.
ஞாயிறன்று முந்நூற்றுச் சொச்சம் படி ஏறினேன்,
முழங்கால் திட்டிக்கொண்டே வந்தது.
கீழே மஞ்சள் குடை ஒன்று சதுக்கத்தைக் கடந்தது.
என் கணக்கின்படி அதன்கீழ் நடந்தவர்
இருக்கவேண்டியதைவிட எழுபத்திரண்டு மடங்கு பெரியவர்.
அப்படியும்
குடை தெரிந்தது.
ஆள் தெரியவில்லை.

குறிப்பேட்டில் முப்பத்துநான்காம் கட்டம்:
குண்டறைக் கதவு திறந்தா, மூடியா,
விருப்பம்போல்.
திறந்தால் உள்ளே ஒரு பெரிய உருளை,
பன்னிரண்டு எரிகுண்டுப் பெட்டிகள்.
மூடினால் அவை மிச்சம்.
விருப்பம்போல் என்ற சொல்லை
அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.
ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த ஸில்கே
"தூங்கப் போ" என்றாள்.

மூடினேன்.
நல்லவன் என்பதால் அல்ல.
மூடினால்தான் அடிவயிற்றுக் கோடு
முறியாமல் வால்வரை ஓடும்.
மிச்சத்தைக் குப்பையில் போடக் கை வரவில்லை,
சட்டைப்பைக்குள் போட்டேன்.

புதன் காலை ஆய்வகத்தில்
நூர்ஹான் ஒரு பல்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.
அலமாரியில் எல்லாப் பெட்டியின் மேலும்
நோயாளி பெயர், பல்லின் எண், நிறம்.
இதற்குள் பதின்மூன்று துண்டுகள், இன்னும் சாம்பல்நிறம்.
"இது யாருக்கு?" என்றாள்.
"பேர் எழுதவே இல்லையே."