கடைசி சரியானது

குறுவைக் கொள்முதல் முடிய இன்னும் பத்து நாள்.
வெளியே ஆறாயிரம் சிப்பம். லாரி வரவில்லை.
காவலாளி கோட்டூருக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போனதால்
பட்டியல் எழுதும் நானே படுத்திருக்கிறேன்
எடை மேடைக்குப் பக்கத்தில்.
கொசுவர்த்தி, பழைய மடிக்கணினி, ஒரு ஹார்ட் டிஸ்க்.

மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர்
மூடப்போகும் கடையில் கழித்துக் கட்டியது.
முந்நூறு ரூபாய்.
எந்தப் படத்துக்கும் பெயர் கிடையாது.
'புதுசு 2', 'கடைசி', 'கடைசி சரியானது',
'இதைத் திறக்காதே'.

அதைத்தான் முதலில் திறந்தேன்.
ஒருவன் பூட்டு ரிப்பேர் செய்கிறான், நாற்பது நிமிடம்.
பூட்டு திறந்ததும் படம் முடிந்துவிட்டது.
கதவைக் காட்டவே இல்லை.
கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கினேன்.
காலையில் மேசை டிராயரைத் திறக்கும்போது
சாவியின் பல் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரிந்தது.

இன்னொன்று பனி கொட்டும் ஏதோ தேசம்.
அடியில் யாரோ தமிழில் போட்ட எழுத்து
வேறொரு படத்துடையது.
ஒருத்தி ஆட்டில் பால் கறக்கிறாள்;
கீழே, 'கமிஷனர் சார், பாலம் போச்சு!'
இரண்டு பேர் பேசாமல் ரொட்டி பிய்க்கிறார்கள்;
'என்னை மன்னிக்கவே மாட்டியா?'
அந்த ஒரு வரி மட்டும்
தப்பான வீட்டுக்குச் சரியாக வந்த கடுதாசி.
நிறுத்தி வைத்து வெகுநேரம் பார்த்தேன்.

எல்லாம் நல்ல படம் என்று சொல்லமாட்டேன்.
பாதி அறுவை.
ஒன்றில் நாயகி பாதியில் வேறு ஆளாகிவிடுகிறாள்.
சம்பளப் பாக்கியோ, சண்டையோ.
படத்தில் யாருமே கண்டுகொள்வதில்லை, புருஷன் உட்பட.
வந்தவள் போனவளின் ரவிக்கையைத்தான் போட்டிருக்கிறாள்,
தோளில் கொஞ்சம் தொளதொளப்பு.
அதை அவள் ஒருமுறை இழுத்துவிடுவாள்.
அதற்காக இரண்டு தடவை பார்த்தேன்.

பகலில் என் வேலை ஈரம் பார்ப்பது.
பதினேழைத் தாண்டினால் திருப்பி அனுப்பவேண்டும்.
நேற்று வேதாம்பாளின் நெல் இருபத்தொன்று காட்டியது.
கருவியைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். தட்டினேன்.
இருபத்தொன்று.
"இருபத்தொண்ணும் வெந்தா சோறுதான் சார்"
என்று சொல்லிவிட்டு
முள்ளியாற்றுப் பாலத்துச் சாலையில் கொட்டிப் பரப்பினாள்.
பஸ்கள் ஒதுங்கிப் போயின.

இன்றிரவு மழை.
தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு
சுமை தூக்கும் பக்கிரிசாமி உள்ளே ஒதுங்கினார்.
'கடைசி சரியானது' ஓடிக்கொண்டிருந்தது.
எனக்கு மூன்றாம் முறை.
ரயில் நின்றுபோன நிலையத்தில்
ஒருவன் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டு
பச்சைக்கொடியோடு நிற்பான்.
ஒருநாள் நிற்கமாட்டான். அவ்வளவுதான் கதை.

விளக்க ஆரம்பித்தேன்,
காத்திருப்பு, காலம், அது இது என்று.
பற்றவைக்காத பீடியை வாயில் வைத்தபடி
கடைசிவரை பார்த்தார்.
பிறகு கேட்டார்:
"அந்த நாயி எங்க போச்சு?"

எந்த நாய்?

"பெஞ்சுக்கு அடியில படுத்திருந்துச்சே, காது கிழிஞ்சது.
சோறு வக்கிறான், மறுநா பாத்தா தட்டு அப்படியே கெடக்கு.
அதுக்கப்பறந்தான சட்டையக் கசங்கலாவே மாட்டிக்கிறான்."

பின்னால் இழுத்துப் போட்டேன்.
பெஞ்சு. பெஞ்சின் நிழல்.
நிழலுக்குள் ஆடும் ஒரு காது.

வடக்கு மூலையில் தார்ப்பாய் படபடத்தது.
இருவரும் ஓடினோம்.
ஏழு சிப்பம் நனைந்துவிட்டது, நாளைக்கு யார் கணக்கில் எழுதுவது?
கயிற்றை முடிந்துவிட்டு வந்தால்
அவர் தலைகூடத் துவட்டாமல்
திரைக்கு முன்னால் குத்தவைத்துவிட்டார்.

"மொதல்லேருந்து போடுங்க.
இந்தத் தடவயும் போவுதான்னு பாப்போம்."