இடது முன்னங்கால்

நேர்முகத் தேர்வில் சான்றிதழை யாரும் திறக்கவில்லை.
"லாரியைப் பின்னுக்கு எடுப்பாயா?"
ஹென்ரியெட்டா கேட்டது அது ஒன்றுதான்.
எடுத்தேன்.
அன்று இடித்த வேலிக்கம்பம்
இப்போதும் சாய்ந்தே நிற்கிறது.

கார்மார்த்தனில் இரண்டு வருடம்
குதிரையியல் படித்தவள் நான்.
முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது,
அரை டன் உடம்பும்
விரல் தடிமன் நாண்களை நம்பித்தான் ஓடுகிறது
என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.
மறுநாளே மறந்தும் போனேன்.

வகுப்பில் பதினேழு பேர்.
ஹெலெத் தீவனம் விற்கிறாள், கம்பெனி கார்.
யெயன் குதிரைக் காப்பீட்டில்;
காய்ச்சல் வந்தால் அவனுக்கு லீவு உண்டு.
நிரந்தர வேலை குதிரைக்கொம்பு என்பார்கள்.
ஏழு வருடமாகத் தினமும் பிடரி சீவுகிறேன்,
இன்னும் ஒன்றும் முளைத்தபாடில்லை.

பெயர்ப்பலகையில் அது 'நார்தர்ன் எம்பயர்.'
லாயத்தில் டர்னிப்.
போட்டி நாளில் பிடரியைப் பதின்மூன்று சடையாக்கி
நூலால் தைப்பேன்.
ஊசி தவறினால்
படுக்கை வைக்கோல் மொத்தமும் வெளியே வரும்.
ஈரப் புல்லுக்குப் பெரிய ஆணி,
காய்ந்த தரைக்குச் சின்னது,
லாடத்தில் திருகிவிட்டு எழுந்தால்
முதுகு கொஞ்சம் தாமதமாக எழும்.
பத்திரிகைப் படங்களில் என் பங்கு
கடிவாளம் பிடித்த நான்கு விரல்.
ஒன்றில் மட்டும் வாளியும் வந்திருந்தது.

செப்டம்பர், ஷ்ராப்ஷயர்.
கிராஸ் கண்ட்ரி முடிந்த இரவு நாங்கள் மூன்றாம் இடம்.
பனிக்கட்டியில் கால்களை நிறுத்தி,
எடுத்து, நடத்தி,
திரும்பவும் நிறுத்தி.
விடிகாலை நாலு மணி.
குளிர்ந்த கைக்கு எல்லாமே சூடுதான்,
அதனால் முதலில் கையை அக்குளில் வைத்து
நூறு எண்ண வேண்டும்.
இதைக் கல்லூரியில் சொல்லவில்லை.

எண்ணினேன். தொட்டேன்.
வலது, இடது. வலது, இடது.
இடது முன்னங்காலின் பின்புறம்
கட்டைவிரல் அகலத்தில்,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல
ஒரு சூடு.

டர்னிப் மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தது.
அதற்குப் புகார் ஏதுமில்லை.

ஐந்தரைக்கு ஹென்ரியெட்டா வந்தாள்.
குனிந்து வெகுநேரம் தொட்டாள்.
"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, நெரிஸ்."
நடத்திப் பார்த்தோம், ஓடவிட்டும் பார்த்தோம்.
நான்கு குளம்பும் ஒரே தாளம்.
பரிசோதனையில் எந்த டாக்டரும் தேற்றிவிட்டிருப்பார்.
குதிரையின் சொந்தக்காரர் ஜெர்சியில்
விமானம் ஏறியாகிவிட்டது.
"நிச்சயமா?"
"இல்லை," என்றேன்.
"ஆனால் இருந்தது."

விலகல் படிவத்தில் அவள் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.

இருநூறு கிலோமீட்டர்.
ஆறிப்போன சிப்ஸ் எங்கள் இருவருக்கும் நடுவில்.
பின்னால் அது சுவரை உதைக்கும் ஒவ்வொரு உதையையும்
எந்தக் கால் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

எட்டாம் நாள் ஸ்கேன்.
டாக்டர் ஒரு சாம்பல் புள்ளியைக் காட்டினார்:
"பழைய காயமாக இருக்கலாம்.
நிழலாகவும் இருக்கலாம்."
ஹென்ரியெட்டா திரையைப் பார்த்தாள்,
நான் அவள் பூட்ஸை.
அந்த மாதச் சம்பளம் முழுதாக வந்தது.
அதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

நேற்று ஹெலெத் கூப்பிட்டாள்.
அவள் கம்பெனியில் ஓர் இடம் காலி,
சனி ஞாயிறு விடுமுறை.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்கத்தான் செய்கிறேன்.

வாளித் தண்ணீர் மேலே மெல்லிய ஐஸ்.
விளக்குப் போடவில்லை.
கை அக்குளில்.
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு…
என் பிடரியில் டர்னிப் மூச்சை விடுகிறது,
புல் வாசம், வெதுவெதுப்பு.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஒன்று.