எஞ்சினை அணைக்காமல்

யாகுட்ஸ்க். டிசம்பர். பகல் பதினொன்று.
சூரியன் வரலாமா என்று இன்னும் யோசிக்கிறது.
லாரியை அணைத்தால் பிறகு மார்ச்சில்தான் கிளம்பும்,
உறுமவிட்டே இறங்கினேன்
பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தேழில்.

கடைக்குள் காலை வைத்ததும்
மூக்குக் கண்ணாடி வெளுத்துவிட்டது.
வைரக் கடையில் நான் முதலில் பார்த்தது
ஒன்றுமே இல்லை.

துணி நீட்டிய பெண்ணின் சட்டையில்
சர்கிலானா என்று இருந்தது.
"மோதிரமா?"
"கல் மட்டும். மோதிரத்தை மைத்துனன் செய்வான்,
பல் கட்டுகிறவன்."
அவள் சிரிக்கவில்லை.
இந்த ஊரில் நடப்பதுதான் போல.

தாள் மடிப்பைப் பிரித்தாள்.
ஐந்து கற்கள்.
எனக்கு ஐந்தும் ஒன்று.
விலையில் மட்டும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு பழைய கார் நின்றது.

இடுக்கி பிடித்தேன்.
சக்கரச் சங்கிலி மாட்டுகிற விரல்கள் இவை.
முதல் கல் தெறித்தது.
நான், அவள், வாசல் காவலாளி,
மூன்று பேரும் முழங்காலில்.
என் கலைமான் தோல் பூட்ஸின் ரோமத்துக்குள்
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது.
"எல்லோருக்கும் நடக்கும்" என்றாள்,
கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டு,
கல்லை லென்ஸுக்குக் கொண்டுவா,
மூச்சை அந்தப் பக்கம் விடு.
கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்,
நேர் மேலிருந்து பார்த்தால்
எந்தக் கல்லும் தன்னை வெள்ளை என்றுதான் சொல்லும்.
பார்த்தேன்.
ஒன்றில் எள்ளைவிடச் சிறிய கரும்புள்ளி.
ஒன்றில் விரிசல்; அதற்கு இறகு என்று
யாரோ நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கல்லுக்குள் ஓடும் வெளிச்சத்துக்கு நீரோட்டம் என்று பெயர்.
லேனா நதியே உறைந்து பாதையாகிவிட்டது.
நேற்றும் அதன் முதுகில்தான்
இருபது டன் டீசலோடு வந்தேன்.
இந்த ஊரில் இன்றைக்கு
ஓடுகிற தண்ணீர்
இந்தத் தாளில் மட்டும்தான்.

போன் அடித்தது. துயாரா.
"அய்தால், பேசிப் பேசியே தலையில் கட்டிவிடுவார்கள்.
அவள் வாயைப் பார்க்காதே,
கல்லைப் பார்."
கல்லைத்தான் பார்க்கிறேன் என்றேன்.
எதைப் பார்ப்பது என்று
அவளும் சொல்லவில்லை.

சான்றிதழில் ஐந்தாவது கல்லுக்கு ஒரு வரி:
ஒளிர்வு, வலுவானது.
"குறையா?"
"விலையில் குறை" என்று
விளக்கை அணைத்துவிட்டு
சின்ன ஊதா விளக்கொன்றைத் தட்டினாள்.

நான்கு கற்கள் இருட்டுக்குள் போய்விட்டன.
ஐந்தாவது மட்டும்
அடுப்பைச் சிம்மில் வைத்ததுபோல்
நீலமாக நின்றது.

நான் எதுவும் பேசவில்லை.
அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை:
"வெயிலில் கொஞ்சம் பால் கலங்கியதுபோல் தெரியலாம்.
சொல்லவேண்டியது என் கடமை."
"வெயிலிலா?"
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
அங்கே எதிர்க் கட்டடம்கூட இல்லை,
வெறும் பனிமூட்டம்.
இப்போது சிரித்தாள்.

துயாரா மருந்துக்கடையில் காசாளர்.
ஐயாயிரம் ரூபிள் நோட்டு நீட்டுகிறவர்களை
முகம் பார்த்து நம்பக் கூடாது என்பது கடையின் விதி.
கல்லாப் பெட்டி ஓரம் ஓர் ஊதா விளக்கு.
நாளைக்கு நூறு தரமாவது
அவள் கை அதற்குள் போய் வரும்.
இருமலோடு வரிசையில் நிற்கிற யாரோ ஒருவன்
ஒரு நொடி
இருமலை மறப்பான்.

"இதுதான்" என்றேன்.
"புள்ளி இல்லாதது இன்னொன்று..."
"இதுதான்."

உள்பையிலிருந்து எடுத்த பணம்
என் உடம்புச் சூட்டில் இருந்தது.
சர்கிலானா எண்ணினாள்.
பிறகு ஒவ்வொரு தாளாக
அதே விளக்கின் கீழ் பிடித்தாள்.
அவசரமே படவில்லை.
நானும் மூச்சை அந்தப் பக்கம் விட்டுக்கொண்டு
காத்திருந்தேன்.

வெளியே லாரி உறுமிக்கொண்டுதான் இருந்தது,
டீசல் முள் கால் பங்குக்குக் கீழே.